கேமரா லென்ஸ் மவுண்ட்

கேமரா லென்ஸ் மவுண்ட் என்பது, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமராக்களில் கேமராவின் உடலையும் லென்ஸையும் இணைக்கும் உலோக வளையம் ஆகும். லென்ஸின் பின்புறத்தில் உள்ள நாக்குகள் இந்த வளையத்தின் இடைவெளிகளில் நுழைகின்றன. லென்ஸைச் சற்றுத் திருப்பியதும் 'கிளிக்' என்ற ஒலியுடன் பூட்டிக்கொள்கிறது. பார்வைக்கு எளிமையான இந்த வளையம்தான் ஒருவர் வாங்கிய லென்ஸ் எந்தக் கேமராவில் பொருந்தும், எத்தனை ஆண்டுகள் பயன்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

கேமராவின் உடல் ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் அப்படியல்ல. முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கும். திருமணம், செய்தி, விளையாட்டு, காட்டுயிர் என எத்துறையில் இருந்தாலும், தொழில்முறை ஒளிப்படக் கலைஞரின் முதலீட்டில் பெரும்பகுதி லென்ஸ்களில்தான் அடங்கியிருக்கும். எனவே ஒரு நிறுவனம் தன் மவுண்டைக் கைவிட்டுப் புதிய மவுண்டுக்கு மாறும்போது, அது வெறும் பொறியியல் முடிவாக இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான கலைஞர்களின் சேமிப்பைப் பாதிக்கும் முடிவாக ஆகிவிடுகிறது. கடந்த நூறு ஆண்டுக் கேமராத் தொழிலின் ஏற்ற இறக்கங்களை இந்த ஒரு வளையத்தை வைத்தே பெருமளவு விளங்கிக்கொள்ளலாம்.

விளிம்புத் தொலைவு

ஒரு மவுண்டின் முதன்மையான அளவு, வளையத்தின் முகப்பிலிருந்து பிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தொலைவு ஆகும். ஆங்கிலத்தில் ஃபிளாஞ்ச் தொலைவு எனப்படும் இது, இக்கட்டுரையில் விளிம்புத் தொலைவு என்று குறிப்பிடப்படுகிறது. நிக்கான் எஃப் மவுண்டில் இது 46.5 மிமீ, கேனன் இஎஃப் மவுண்டில் 44 மிமீ, கேனனின் பழைய எஃப்டி மவுண்டில் 42 மிமீ, லைக்கா எம் மவுண்டில் 27.8 மிமீ. ஒவ்வொரு லென்ஸும் தனக்குரிய விளிம்புத் தொலைவில் நிறுத்தப்பட்டால், மிகத் தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் சரியாகச் சென்சாரின் மேல் விழும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும்.

இதில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் என்ன ஆகும் என்பதைப் பள்ளிப் பாடநூலில் உள்ள லென்ஸ் சமன்பாட்டைக் கொண்டே கணக்கிடலாம். எஃப்டி மவுண்டுக்கான 50 மிமீ லென்ஸ் ஒன்றை, இடையில் வேறு கண்ணாடி எதுவும் இல்லாமல், இஎஃப் கேமராவில் எப்படியோ பொருத்திவிட்டதாகக் கொள்வோம். லென்ஸுக்குத் தேவையான தொலைவு 42 மிமீ. கேமரா தருவதோ 44 மிமீ. லென்ஸ் 2 மிமீ முன்னால் தள்ளி நிற்கிறது. தொலைவில் உள்ள பொருளுக்குப் பிம்பம் 50 மிமீயில் விழவேண்டும்; சென்சாரோ 52 மிமீயில் இருக்கிறது. அப்படியானால் தெளிவாகத் தெரியக்கூடிய மிகத் தொலைவான பொருள் 50 × 52 ÷ 2, அதாவது 1300 மிமீ தொலைவில் இருப்பது. ஒன்றேகால் மீட்டரைச் சற்றுத் தாண்டியதும் எல்லாமே மங்கல். அந்த லென்ஸைக் கொண்டு மணமகளின் விரலில் உள்ள மோதிரத்தை எடுக்கலாம். மணமேடையை எடுக்க முடியாது. 28 மிமீ லென்ஸ் என்றால் இந்த எல்லை 42 செமீ ஆகச் சுருங்கிவிடும்.

எதிர்த்திசையில் இச்சிக்கல் இல்லை. விளிம்புத் தொலைவு குறைந்த கேமராவில், தொலைவு அதிகமுள்ள லென்ஸைப் பொருத்த வேண்டுமானால், விடுபட்ட இடைவெளியை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும். அடாப்டர் என்பது அடிப்படையில் அவ்வளவுதான். குறைந்த தொலைவுள்ள கேமரா எல்லோருக்கும் இடம் கொடுக்கும். அதிகத் தொலைவுள்ள கேமரா கொடுக்காது. பின்னர் நடந்தவற்றில் பலவும் இந்த ஒற்றை விதியின் விளைவுகளே.

திருகிலிருந்து பூட்டுக்கு

35 மிமீ பிலிமைப் பயன்படுத்திய லைக்கா கேமரா ஜெர்மனியில் 1925இல் விற்பனைக்கு வந்தபோது அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. 1930இல் திருகு மரையுடன் கழற்றத்தக்க லென்ஸ் வந்தது. ஆனால் தொடக்கத்தில் ஒவ்வொரு லென்ஸும் ஒரு குறிப்பிட்ட கேமராவுக்கு மட்டுமே சரிசெய்யப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் லைக்காவில் மாட்டினால் பொருந்தும், ஆனால் படம் தெளியாது. அடுத்த ஆண்டு விளிம்புத் தொலைவு 28.8 மிமீ எனத் தரப்படுத்தப்பட்டது. தரப்படுத்தப்பட்ட கேமராக்களின் வளையத்தில் '0' என்ற குறி பொறிக்கப்பட்டது. எந்த லென்ஸும் எந்த உடலிலும் என்ற வசதி அந்தச் சிறிய சுழியிலிருந்து தொடங்குகிறது எனலாம்.

போருக்குப் பின் இன்னொரு திருகு மவுண்ட் ஏறத்தாழ உலகப் பொதுவாக ஆனது. கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான காண்டாக்ஸ் எஸ் கேமராவுடன் 1949இல் வந்த எம்42 மவுண்டை, பிராக்டிகா, ஜப்பானின் பென்டாக்ஸ், சோவியத் நாட்டின் செனிட் எனப் பலரும் ஏற்றனர். ஒரு நாட்டுக் கேமராவில் மற்றொரு நாட்டு லென்ஸ், எவரிடமும் அனுமதி கேட்காமல் பொருந்திய காலம் அது. ஆனால் திருகு மவுண்டுக்கு இரு குறைகள் இருந்தன. லென்ஸை மாற்றப் பல சுற்று சுற்ற வேண்டும். மேலும், சுற்றி முடிக்கும் இடம் லென்ஸுக்கு லென்ஸ் சற்று மாறுபடும் என்பதால், லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்ற செய்தியைக் கேமராவுக்குக் கடத்துவது கடினம். கேமராவுக்குள் ஒளிமானி வந்தபின் இரண்டாவது குறை பெரிதாகத் தெரிந்தது. 1975இல் பென்டாக்ஸும் எம்42 மவுண்டை விட்டு, கே என்ற பூட்டு மவுண்டுக்கு மாறியது. அந்தக் கே மவுண்ட் இன்றுவரை நீடிக்கிறது.

கண்ணாடியின் விலை

ஒற்றை லென்ஸ் எதிரொளிப்புக் கேமராவில், அதாவது எஸ்எல்ஆர் கேமராவில், லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி, ஐங்கோணப் பட்டகம் வழியாகக் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழும். ஒளி பிலிமை அடையும். எடுக்கப்போகும் படத்தை லென்ஸ் காண்பது போலவே காண முடிந்ததால், 1959இல் நிக்கான் எஃப் வந்தபின் இவ்வகைக் கேமராவே செய்தி ஒளிப்படத் துறையை ஆண்டது.

ஆனால் அந்தக் கண்ணாடி எழுந்து அமர இடம் வேண்டும். எனவேதான் இவ்வகை மவுண்டுகளின் விளிம்புத் தொலைவு 42 முதல் 47 மிமீ வரை நீண்டது. அகலக் கோண லென்ஸ்களுக்கு இது பெரிய இடைஞ்சல். 28 மிமீ குவியத் தொலைவு கொண்ட எளிய லென்ஸ் ஒன்று சென்சாரிலிருந்து 28 மிமீயில் நிற்க வேண்டும். அங்கேயோ கண்ணாடி ஆடிக்கொண்டிருக்கிறது. பிரான்சின் ஆஞ்செனியூ நிறுவனம் 1950இல் 35 மிமீ கேமராக்களுக்கு வெளியிட்ட 'ரெட்ரோஃபோகஸ்' வகை லென்ஸ் இதற்கு வழிகாட்டியது. முன்புறத்தில் ஒளியை விரிக்கும் குழி லென்ஸையும் பின்புறத்தில் குவிக்கும் தொகுதியையும் வைத்து, குவியத் தொலைவைவிட அதிகத் தொலைவில் பிம்பம் விழச் செய்தார்கள். வழி கிடைத்தது; கூடவே பருமனும் எடையும் விலையும் கூடின. அரை நூற்றாண்டுக் காலம் அகலக் கோண லென்ஸ் வாங்கிய ஒவ்வொருவரும் அந்தக் கண்ணாடிக்காகவும் சேர்த்தே பணம் கொடுத்தார்கள்.

1987: கேனனின் முறிவு

1985இல் மினோல்டா தன் 7000 மாடலில் தானாகக் குவியம் கொள்ளும் ஆட்டோஃபோகஸ் வசதியைக் கேமரா உடலுக்குள்ளேயே அமைத்துப் பெரும் வெற்றி கண்டது. குவிக்கும் மோட்டார் உடலில் இருந்தது. மவுண்டின் விளிம்பில் இருந்த சிறு திருகாணி போன்ற தண்டு, லென்ஸைச் சுழற்றியது. அடுத்த ஆண்டு நிக்கானும் எஃப்-501 கேமராவில் இம்முறையையே பின்பற்றியது. மினோல்டா இதற்காகத் தன் பழைய மவுண்டைக் கைவிட்டது. நிக்கானோ 1959ஆம் ஆண்டின் எஃப் மவுண்டை அப்படியே வைத்துக்கொண்டு தண்டை மட்டும் சேர்த்தது. பழைய வாடிக்கையாளர்கள் மகிழ்ந்தார்கள்.

கேனன் வேறு முடிவெடுத்தது. 1987 மார்ச்சில் இஓஎஸ் 650 கேமராவுடன் வந்த இஎஃப் மவுண்டில் தண்டு, நெம்புகோல் எதுவும் இல்லை. மின் தொடர்புப் புள்ளிகள் மட்டுமே. குவிக்கும் மோட்டார் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனித்தனியாக வைக்கப்பட்டது. வளையத்தின் உள்விட்டமும் 54 மிமீ ஆக அகன்றது. நிக்கானுடையது 44 மிமீ. ஆனால் எஃப்டி லென்ஸ்கள் புதிய கேமராவில் வேலை செய்யா. மேலே கணக்கிட்ட அந்த 2 மிமீதான் காரணம். பல ஆண்டுகள் சேர்த்த லென்ஸ்கள் ஒரே நாளில் அனாதையானதாகத் தொழில்முறைக் கலைஞர்கள் கொதித்தனர். அவர்களுடைய கோபம் நியாயமானதே. முதலில் போட்ட பணத்தை மீண்டும் ஒருமுறை போடச் சொல்வதை எந்த வாடிக்கையாளரும் எளிதில் ஏற்கமாட்டார்.

ஆனால் பொறியியல் அளவில் கேனனின் கணக்கு சரியாக இருந்தது. கனமான டெலி லென்ஸை உடலிலிருந்து ஒரு தண்டால் சுழற்றுவதைவிட, அந்தந்த லென்ஸுக்கு ஏற்ற மோட்டாரை அதனுள்ளேயே வைப்பது விரைவானது. 1990களில் விளையாட்டு மைதானங்களின் ஓரங்களில் கேனனின் வெள்ளை நிற லென்ஸ்கள் பெருகின. நிக்கானும் அதே பத்தாண்டில் மோட்டாரை லென்ஸுக்குள் கொண்டுவரத் தொடங்கியது. கேனன் தயாரித்த இஎஃப் லென்ஸ்களின் எண்ணிக்கை 2014இல் 10 கோடியை எட்டியது. இந்த இரு நிறுவனங்களின் போட்டியைப் பேசும்போது ஒன்றை நினைவில் கொள்வது சுவையானது: கேனனின் முதல் விற்பனைக் கேமராவான ஹன்சா கேனன் 1936இல் வந்தபோது, அதில் இருந்தது இன்றைய நிக்கானின் முன்னோடி நிறுவனம் செய்துகொடுத்த நிக்கோர் லென்ஸ்.

கண்ணாடி நீங்கியபின்

பிலிமின் இடத்தில் சென்சார் வந்தபோது மவுண்டுகள் உடனே மாறவில்லை. 1999இல் வந்த நிக்கான் டி1 பழைய எஃப் மவுண்டையே கொண்டிருந்தது. பழைய லென்ஸ்கள் கையில் இருந்ததால்தான் கலைஞர்கள் டிஜிட்டலுக்கு அச்சமின்றி மாற முடிந்தது. ஆனால் சென்சார் காணும் காட்சியை நேரடியாகச் சிறு திரையில் காட்ட முடியும் என்றான பிறகு, கண்ணாடிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. 2008இல் பானசோனிக் வெளியிட்ட ஜி1, லென்ஸ் மாற்றத்தக்க மிரர்லெஸ் கேமராக்களுக்கு வழி திறந்தது. 2010இல் சோனி 18 மிமீ விளிம்புத் தொலைவுடன் இ மவுண்டைக் கொண்டுவந்தது. 2013இல் அதே மவுண்டில் 24 × 36 மிமீ அளவுள்ள முழுச் சென்சாரைப் பொருத்தியது.

கேனனும் நிக்கானும் தங்கள் கோடிக்கணக்கான பழைய லென்ஸ்களின் சுமையால் தயங்கின. 2018இல்தான் இரண்டும் முழுச் சென்சார் மிரர்லெஸ் களத்தில் இறங்கின. நிக்கான் இசட் மவுண்டின் விளிம்புத் தொலைவு 16 மிமீ, உள்விட்டம் 55 மிமீ. கேனன் ஆர்எஃப் மவுண்டுக்கு 20 மிமீ, 54 மிமீ. அறுபது ஆண்டுகள் குறுகிய வளையத்துக்குள் அடங்கியிருந்த நிக்கான், 2019இல் எஃப்/0.95 என்ற மிகப் பெரிய துளையுடன் 58 மிமீ லென்ஸ் ஒன்றை வெளியிட்டது. வளையம் அகன்றதால் என்ன செய்ய முடியும் என்று ஊரறியக் காட்டியது போல இருந்தது அது.

இந்த முறை இரு நிறுவனங்களும் பழைய லென்ஸ்களைத் தெருவில் விடவில்லை. 44இலிருந்து 20ஐக் கழித்தால் 24. கேனனின் அடாப்டர் அந்தத் தடிமனுடையது. 46.5இலிருந்து 16ஐக் கழித்தால் 30.5, நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் அந்த இடைவெளியை நிரப்புகிறது. இங்கேதான் 1987இன் முடிவு மீண்டும் தலைகாட்டுகிறது. இஎஃப் லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருந்ததால், 1987இல் வாங்கிய லென்ஸும் இன்றைய ஆர்எஃப் கேமராவில் ஆட்டோஃபோகஸுடன் இயங்குகிறது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை. ஆகவே தண்டால் சுழலும் பழைய நிக்கான் லென்ஸ்களைக் கையால்தான் குவிக்க வேண்டும். வாக்குத் தவறியதாகப் பழிக்கப்பட்ட நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு வசதி. வாக்கைக் காத்த நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு இடர்.

இன்னொரு திருப்பமும் உண்டு. 1987இல் அனாதையான அதே எஃப்டி லென்ஸ்கள், மிரர்லெஸ் வந்ததும் உயிர் பெற்றன. சோனி இ மவுண்டில் 24 மிமீ நீளமுள்ள வெற்றுக் குழாயை வைத்தால் போதும். அந்த லென்ஸ்களில் துளையை மாற்றவும் குவியத்தைத் திருப்பவும் கையால் இயக்கும் வளையங்கள் இருந்ததால், கேமராவின் உதவியே இல்லாமல் வேலை செய்தன. அட்டைப் பெட்டியில் கிடந்தவை மீண்டும் விலைக்குப் போயின.

சுருங்கிய சந்தை, கைவிடப்பட்ட மவுண்டுகள்

ஜப்பானியக் கேமராத் தொழிற்சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2020 முதல் இது ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் கீழே இறங்கியது. அழிந்தது பெரும்பாலும் சட்டைப்பை அளவிலான சிறு கேமராக்கள். அவற்றின் இடத்தைத் திறன்பேசி எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சிறு கேமராக்களின் லாபமே பல நிறுவனங்களில் லென்ஸ் ஆராய்ச்சிக்கு உரம் போட்டது. உரம் நின்றதும் சிறிய மவுண்டுகள் வாடின. சாம்சங்கின் என்எக்ஸ் மவுண்ட் 2010இல் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளில் ஓசையின்றி மறைந்தது. 2011இல் வந்த நிக்கான் 1 வரிசை 2018இல் முடிந்தது. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவை 2021 தொடக்கத்தில் வேறு கைக்கு மாற்றியது. கொலோன் நகரில் 1950 முதல் நடந்துவந்த ஃபோட்டோகினா கண்காட்சி 2020இல் நிறுத்தப்பட்டது.

இவற்றுள் கேனனின் இஎஃப்-எம் மவுண்டின் கதை மாணவர்கள் கவனிக்க வேண்டியது. 2012இல் வந்த இந்தச் சிறிய மிரர்லெஸ் மவுண்டின் விளிம்புத் தொலைவு 18 மிமீ. இதைச் சேர்ந்த எம்50 கேமராவைக் காணொளிப் பதிவர்கள் விரும்பி வாங்கினர். ஆனால் கேனனின் ஆர்எஃப் மவுண்டுக்கு 20 மிமீ. எனவே இஎஃப்-எம் லென்ஸை ஆர்எஃப் கேமராவில் பொருத்த வழியில்லை. மீண்டும் அதே 2 மிமீ. 2023 வாக்கில் அந்த வரிசை முடிவுக்கு வந்தபோது, வாங்கியவர்களிடம் மிஞ்சியது அடுத்த கேமராவுக்குப் பயன்படாத லென்ஸ்கள்.

பூட்டு மின்னணுவுக்குள் போனது

எம்42 காலத்தில் ஒரு லென்ஸ் பொருந்த மரையின் அளவு தெரிந்தால் போதும். இன்று லென்ஸுக்குள் கணிச்சில்லு இருக்கிறது. கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளும் மொழி தெரியாவிட்டால், வளையம் பொருந்தினாலும் லென்ஸ் இயங்காது. அந்த மொழி நிறுவனத்தின் சொத்து. சோனி தன் இ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011 முதல் பிற தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றித் தந்தது. சிக்மா, டாம்ரான் போன்ற நிறுவனங்களின் மலிவான நல்ல லென்ஸ்கள் அங்கே குவிந்தன. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் பலர் சோனியைத் தேர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். கேனன் ஆர்எஃப் மவுண்டின் கதவைப் பல ஆண்டுகள் சாத்தி வைத்திருந்தது. 2024இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் அனுமதி தந்தது, அதுவும் சிறிய சென்சாருக்கான லென்ஸ்களுக்கு. வாடிக்கையாளர் கண்ணோட்டத்தில், கண்ணாடியின் தரத்தைவிட இந்தக் கொள்கையே ஒருவரின் பத்தாண்டுச் செலவைத் தீர்மானிக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

இதன் மறுபக்கம் இன்னும் பலரால் கவனிக்கப்படவில்லை. இன்றைய மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் குவிய வளையம் கண்ணாடியை நேரடியாக நகர்த்துவதில்லை; அது மோட்டாருக்குக் கட்டளை மட்டும் அனுப்புகிறது. மின்சாரம் இல்லையேல் கையாலும் குவிக்க முடியாது. துளையும் அப்படியே. சில லென்ஸ்களின் வளைவுக் குறைகளைக் கேமராவின் மென்பொருளே திருத்துகிறது. எஃப்டி லென்ஸை ஒரு வெற்றுக் குழாய் காப்பாற்றியது போல, இந்த லென்ஸ்களை வெற்றுக் குழாய் காப்பாற்றாது.

பழைய லென்ஸ் வாங்குவோருக்கு

டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான புதிய லென்ஸ் வெளியீடுகள் கேனனிலும் நிக்கானிலும் ஏறத்தாழ நின்றுவிட்டன. அதனால் பயன்படுத்திய இஎஃப், எஃப் மவுண்ட் லென்ஸ்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. கற்கத் தொடங்கும் மாணவருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் மவுண்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. கேனனில் இஎஃப்-எஸ் என்று குறித்த லென்ஸ்கள் முழுச் சென்சார் டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் மாட்டா. நிக்கானின் மலிவான டி3000, டி5000 வரிசைகளில் உடலுக்குள் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களே அவற்றில் தானாகக் குவியும். 1977க்கு முந்தைய நிக்கான் லென்ஸ்களை மாற்றம் செய்யாமல் பிற்காலக் கேமராக்கள் பலவற்றில் மாட்டினால், வளையத்தை ஒட்டியுள்ள சிறு நெம்புகோல் உடையக்கூடும்.

வாங்கும் முன் லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்புறத்திலிருந்து கைவிளக்கை அடித்து, முன்புறம் சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம் போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் இருந்த லென்ஸ்களில் இதை எதிர்பார்த்தே பார்ப்பது நல்லது. தொடக்க நிலையில் துடைத்தெடுக்கலாம். நாளானால் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. 1960கள், 70களின் சில லென்ஸ்கள் மஞ்சளாகத் தெரியும். அது பூஞ்சையன்று, அக்காலத்தில் கண்ணாடியில் சேர்த்த தோரியத்தின் விளைவு. சில நாட்கள் வெயில் படும்படி வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் குறையும்.

லென்ஸைத் தோல் உறைக்குள் மூடி அலமாரியில் வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது போலாகும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லை வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.